கறுத்த பூச்சியின் ஊரில்

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மான்செஸ்டர் என்ற பெயர் பள்ளிக்கூட நாட்களிலேயே பழகிவிடும். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்பது எங்கள் ஊரின் பட்டம். அசல் மான்செஸ்டரின் ஆன்கோட்ஸ் பகுதியில் ரோச்டேல் கால்வாயை ஒட்டி நடந்தால் அந்தப் பட்டத்தின் கனம் தெரிகிறது. செங்கல் ஆலைகள் தெருவின் வெயிலை மறைத்துக்கொண்டு அடுக்கடுக்காக நிற்கின்றன. அமெரிக்காவிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கப்பலில் வந்த பஞ்சு இந்தக் கட்டடங்களுக்குள் நுழைந்து நூலாக வெளியே போனது. இன்று ஒரு கதிரும் சுழலவில்லை. ஆலைகள் அடுக்குமாடிக் குடியிருப்புகளாகவும் காபிக் கடைகளாகவும் மாறிவிட்டன. ஆனாலும் நகரத்தின் பழைய கற்சுவர்களில், மழை படாத இடுக்குகளில், நிலக்கரிப் புகையின் கறை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கறைதான் என்னை இந்த ஊருக்கு இழுத்தது. பிளஸ் டூ மாணவர்களுக்கு விலங்கியல் நடத்துகிறவன் நான். இயற்கைத் தேர்வு என்ற பாடத்தைத் தொட்டதும் உலகமெங்கும் ஆசிரியர்கள் சொல்கிற உதாரணம் இங்கே பிறந்தது. பிஸ்டன் பெட்டுலேரியா என்ற அந்துப்பூச்சி. சிறகை விரித்தால் ஐந்து சென்டிமீட்டர் இருக்கும். வெள்ளைச் சிறகில் மிளகுப்பொடியைத் தூவியது போலக் கருந்துகள்கள். ஆங்கிலத்தில் அதன் பெயரிலேயே மிளகு இருக்கிறது. இரவில் பறக்கும், பகல் முழுக்க மரத்தில் அசையாமல் ஒட்டிக்கிடக்கும். மரப்பட்டையில் பாசியும் பூஞ்சையும் கூடி வளரும் லைக்கன் படர்ந்திருந்தால், இந்தப் பூச்சி எங்கே முடிகிறது, பட்டை எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது.

1848இல் மான்செஸ்டரில் எட்ல்ஸ்டன் என்ற பூச்சி ஆர்வலர் கையில் முழுக் கறுப்பான ஒன்று சிக்கியது. அப்போது அது அபூர்வம். 1895 வாக்கில் இந்த ஊரில் பிடிபட்ட மிளகுப் பூச்சிகளில் 98 சதவீதம் கறுப்பு. ஆண்டுக்கு ஒரு தலைமுறைதான் இந்தப் பூச்சிக்கு. ஐம்பது தலைமுறைக்குள் ஒரு நகரத்தின் பூச்சிக் கூட்டமே நிறம் மாறிவிட்டது. ஆலைப் புகையின் கந்தக டை ஆக்சைடால் லைக்கன் செத்தது. வெறும் பட்டையில் கரி படிந்தது. வெள்ளைப் பூச்சி பறவையின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தது. இப்படி 1896இல் விளக்கம் சொன்னவர் டட் என்ற பூச்சியியலாளர்.

1924இல் ஜே.பி.எஸ். ஹால்டேன் இந்த எண்களை எடுத்து ஒரு கணக்குப் போட்டார். இவ்வளவு வேகமாகக் கறுப்பு பரவ வேண்டுமானால், ஒவ்வொரு தலைமுறையிலும் கறுப்புப் பூச்சி வெள்ளையைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு சந்ததியை விட்டுச் சென்றிருக்க வேண்டும் என்றார். அப்போது பலர் நம்பவில்லை; இயற்கையில் தேர்வு அவ்வளவு கடுமையாக நடக்குமா என்று கேட்டார்கள். அதே ஹால்டேன்தான் 1957இல் இந்தியாவுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேஸ்வரத்தில் காலமானார். நம் மண்ணில் வாழ்ந்து மறைந்த ஒருவர் போட்ட கணக்கு இது என்பதை நம் மாணவர்களுக்கு நாம் சொல்வதே இல்லை.

இந்தப் பாடத்தில் நம் பிள்ளைகள் எழுதும் விடை பெரும்பாலும் இப்படி இருக்கும்: "புகையால் மரம் கறுத்தது. எனவே பறவைகளிடமிருந்து தப்பிக்கப் பூச்சிகள் கறுப்பாக மாறிக்கொண்டன." படிக்கச் சரளமாக இருக்கிறது. மதிப்பெண்ணும் கிடைக்கிறது. உள்ளே இருப்பதோ டார்வினுக்கு நேர் எதிரான கருத்து. எந்தப் பூச்சியும் தப்பிக்க நினைத்து மாறவில்லை. வெள்ளையாகப் பிறந்தது வெள்ளையாகவே செத்தது. கறுப்பாகப் பிறந்தது கறுப்பாகவே செத்தது. எது முட்டையிடும்வரை பிழைத்தது என்பதில்தான் வேறுபாடு. இந்த ஒரு இடத்தை மாணவருக்குப் புரியவைத்துவிட்டால் மீதிப் பாடம் தானாக நடக்கும். இங்கே தவறினால், எத்தனை பக்கம் மனப்பாடம் செய்தாலும் பயனில்லை.

என்னிடம் படித்த ஒரு பெண் மான்செஸ்டரின் அரசுப் பள்ளி ஒன்றில் உயிரியல் ஆசிரியை. ஜூன் மாதம் பூச்சி பறக்கும் பருவம் என்று சொல்லி அவள்தான் வரச் சொன்னாள். "சார், நீங்க பின்னாடி பெஞ்சுல உக்காந்து பாருங்க. நான் ஒண்ணும் புதுசா பண்ணலை. ஆனா இங்க பூச்சி கையிலயே கிடைக்குது, அதுதான் வித்தியாசம்," என்றாள்.

முந்தின மாலையே பள்ளித் தோட்டத்தில் பிர்ச் மரத்தடியில் விளக்குப் பொறியை வைத்திருந்தாள். பார்வைக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி. மேலே புற ஊதா ஒளி விளக்கு, அதன் கீழே புனல். உள்ளே முட்டை வாங்கும் காகித அட்டைகளை அடுக்கியிருப்பார்கள். வெளிச்சத்துக்கு வந்த பூச்சி புனல் வழியே இறங்கி, அட்டைக் குழிகளில் ஒடுங்கிவிடும். காலையில் எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்பப் பறக்கவிடலாம். ஒன்றும் சாவதில்லை. இங்கிலாந்தில் ஓய்வுபெற்றவர்கள், மருத்துவர்கள், தபால்காரர்கள் என்று எத்தனையோ பேர் வீட்டுத் தோட்டத்தில் இப்படிப் பொறி வைத்து, பிடிபட்டதை நோட்டில் குறித்துவருகிறார்கள். இந்த ஆர்வலர்களின் நோட்டுகள் இல்லையென்றால் மிளகுப் பூச்சியின் வரலாறே நமக்குக் கிடைத்திருக்காது. அறிவியல் என்றால் ஆய்வுக்கூடம், வெள்ளைக் கோட்டு என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

முதல் வகுப்பு மணி அடித்ததும் பத்தாம் ஆண்டு மாணவர்கள் வந்து பெட்டியைச் சூழ்ந்துகொண்டார்கள். பதினான்கு, பதினைந்து வயது. பாகிஸ்தான், நைஜீரியா, போலந்து என்று பல நாட்டு வம்சாவளிப் பிள்ளைகள். அட்டையை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். ரோஜா நிறமும் ஆலிவ் நிறமும் கலந்த யானைப் பருந்துப்பூச்சியைப் பார்த்ததும் கூச்சல். அடுத்த அட்டையில் மிளகுப் பூச்சி. பாடநூல் படத்தில் அதைப் பார்த்துப் பார்த்து அலுத்தவன் நான். உயிரோடு பார்த்தபோது நெஞ்சு படபடத்தது. அன்று பெட்டியில் இருந்த மிளகுப் பூச்சிகள் எல்லாமே வெள்ளை.

வேலியில் ஒரு ராபின் வந்து உட்கார்ந்திருந்தது. பொறி வைக்கும் தோட்டங்களில் ராபின்கள் சீக்கிரமே இடத்தைப் பழகிக்கொள்ளும் என்றாள். பெட்டியின் ஓரத்திலிருந்து மஞ்சள் பின்சிறகுப் பூச்சி ஒன்று தத்திப் பறந்து புல்லில் விழுந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராபின் இறங்கி அதைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. ஒரு மாணவி "ஐயோ" என்று கத்தினாள். ஆசிரியை உடனே கேட்டாள்: "பெட்டியைச் சுற்றிப் பல பூச்சிகள் இருந்தன. ராபின் ஏன் அதை மட்டும் எடுத்தது?" அசைந்ததால், புல்லின்மேல் தெரிந்ததால் என்று விடைகள் வந்தன. "அதன் பிள்ளைகள் அடுத்த வருஷம் இங்கே இருக்குமா?" என்று அடுத்த கேள்வி. சற்று நேரம் யாரும் பேசவில்லை. பின்பு ஒரு பையன் மெதுவாகச் சொன்னான்: "அது ஏற்கெனவே முட்டை போட்டிருந்தால் இருக்கும்." அன்றைய வகுப்பில் நான் கேட்ட மிகச் சிறந்த வாக்கியம் அது. பிழைப்பது மட்டும் போதாது, சந்ததி வேண்டும் என்பதை அவன் தானாகவே கண்டுபிடித்துவிட்டான்.

அறைக்குள் போனதும் பலகையில் எண்களை எழுதினாள். பெர்னார்ட் கெட்டில்வெல் என்ற மருத்துவர், ஆக்ஸ்ஃபர்டில் பூச்சி ஆய்வுக்கு வந்தவர், 1953இல் புகை மண்டிய பர்மிங்காம் காட்டில் செய்த சோதனை. சிறகின் அடியில் வண்ணப்புள்ளி வைத்து 447 கறுப்புப் பூச்சிகளையும் 137 வெள்ளைப் பூச்சிகளையும் விட்டார். பின்னர் விளக்குப் பொறியில் திரும்பப் பிடித்தது கறுப்பு 123, வெள்ளை 18. "யார் ஜெயித்தது?" என்று கேட்டாள். கறுப்பு என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். "எப்படித் தெரியும்? கறுப்பைத்தான் நிறைய விட்டிருக்கிறாரே" என்றதும் அமைதி. பிறகு கணிப்பான்கள் வெளியே வந்தன. கறுப்பில் 27.5 சதவீதம் திரும்பியது, வெள்ளையில் 13 சதவீதம். இரண்டு மடங்கு.

அடுத்து 1955இல் புகை எட்டாத டார்செட் காடு. அங்கே விட்டது வெள்ளை 496, கறுப்பு 473. திரும்பியது வெள்ளை 62, கறுப்பு 30. பிள்ளைகள் இந்த முறை தாமாகவே சதவீதம் போட்டார்கள். 12.5, 6.3. அதே இரண்டு மடங்கு, ஆனால் தலைகீழாக. ஒரே பூச்சி, ஒரே நிறம். ஓரிடத்தில் அது உயிரைக் காக்கிறது, மற்றோர் இடத்தில் உயிரைப் பறிக்கிறது. வலிமையானது வெல்லும் என்ற மொண்ணையான புரிதல் இந்த நான்கு எண்களில் உடைந்துபோகிறது. நம் பாடநூல்களில் இரண்டு மரங்களின் படம் இருக்கிறது. இந்த எண்கள் இல்லை. படத்தைவிட எண்கள் ஆயிரம் பங்கு முக்கியம் என்பது என் கட்சி.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள். "மிஸ், புகை படிந்த இலையைத் தின்றதால் பூச்சி கறுத்திருக்கலாமே?" சிலர் சிரித்தார்கள். ஆசிரியை சிரிப்பை நிறுத்தினாள். "இதையே ஒரு பெரிய விஞ்ஞானி சொன்னார், தெரியுமா?" என்று ஹெஸ்லாப் ஹாரிசன் கதையை எடுத்தாள். 1920களில் இங்கிலாந்தின் வடகிழக்கிலிருந்து எழுதியவர் அவர். ஈய, மாங்கனீசு உப்பு கலந்த இலைகளைப் புழுக்களுக்குத் தின்னக் கொடுத்ததால் கறுப்பு வகை தோன்றியதாகவும், அது சந்ததிக்கும் கடந்ததாகவும் அறிவித்தார். மற்றவர்கள் அதே சோதனையைச் செய்துபார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. "சரி, அவர் சொன்னது உண்மையா என்று நீங்கள் எப்படிச் சோதிப்பீர்கள்?" என்று பந்தை அந்தப் பெண்ணிடமே திருப்பினாள். கறுப்புப் பூச்சிகளின் முட்டையைச் சுத்தமான இலையில் வளர்க்க வேண்டும், வெள்ளைப் பூச்சிகளின் முட்டையைக் கரி படிந்த இலையில் வளர்க்க வேண்டும் என்று அவளே படிப்படியாகச் சொல்லி முடித்தாள். தவறான விடை சொன்ன மாணவி வகுப்பு முடிவதற்குள் ஒரு பரிசோதனையை வடிவமைத்துவிட்டாள். நம் வகுப்பறைகளில் அந்தப் பெண்ணுக்கு "தப்பு, உக்காரு" என்ற பதில்தான் கிடைத்திருக்கும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது; அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பூச்சியின் புழு உண்மையிலேயே நிறம் மாறும். குச்சியைப் போலவே அப்படியே நீட்டி நிற்கும். பழுப்புக் குச்சியில் பழுப்பாகவும், பச்சைக் குச்சியில் பச்சையாகவும் வளரும். லிவர்பூல், டரம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் புழுவின் கண்களை வண்ணம் பூசி மறைத்துப் பார்த்தார்கள். அப்போதும் அது குச்சியின் நிறத்துக்கே மாறியது. தோலாலேயே நிறத்தை உணர்கிறது என்று 2019இல் வெளியிட்டார்கள். ஆக, ஒரே உயிரில் இரண்டு வகை மாற்றம். புழு தன் வாழ்நாளுக்குள் மாறுகிறது. சிறகு முளைத்த பூச்சி மாறுவதில்லை. அதன் கூட்டம்தான் தலைமுறைகளில் மாறுகிறது. பச்சோந்தியைப் பார்த்து வளர்ந்த பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்வது இயல்பு. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்ட இதைவிடப் பொருத்தமான உயிர் எனக்குத் தெரிந்து வேறில்லை.

மான்செஸ்டரிலிருந்து லிவர்பூலுக்கு ரயில் ஏறினேன். 1830இல் திறந்த தடம் இது. உலகத்தில் இரண்டு நகரங்களுக்கிடையே நீராவி இன்ஜினில் பயணிகளை ஏற்றிச்சென்ற முன்னோடிப் பாதை. சாட் மாஸ் என்ற சதுப்பு நிலத்தின் மேல் போகும்போது இருபுறமும் பிர்ச் மரங்கள். அவற்றின் தண்டில் சாம்பல்பச்சைத் திட்டுகள் தெரிந்தன. லைக்கன் திரும்பி வந்துவிட்டது. 1952இல் லண்டனில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்ற புகைமூட்டத்துக்குப் பிறகு, 1956இல் தூய காற்றுச் சட்டம் வந்தது. அதன் பலன் நுரையீரலுக்கு மட்டும் போய்ச் சேரவில்லை.

லிவர்பூல் பல்கலைக்கழகக் குழு ஒன்றுதான் 2016இல் கறுப்புக்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கண்டுபிடித்தது. கார்டெக்ஸ் என்ற மரபணுவுக்குள் சுமார் 22 ஆயிரம் எழுத்து நீளமுள்ள ஒரு தாவும் டிஎன்ஏ துண்டு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போது ஒட்டியது என்று கணித்தார்கள். வந்த விடை 1819ஐ ஒட்டிய ஆண்டுகள். மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் வாக்குரிமை கேட்டுக் கூடிய ஆலைத் தொழிலாளர்கள்மேல் குதிரைப்படை பாய்ந்ததும் அதே 1819தான். ஆண்டு ஒத்துப்போவது தற்செயல். ஆனால் டிஎன்ஏ துண்டு தாவியதும் தற்செயல்தான் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். புகை அதை வரவழைக்கவில்லை. அது வந்த பிறகு, புகை அதைப் பெருக்கியது. மாற்றம் தோன்றுவது ஒரு நிகழ்வு, தேர்வு வேறொரு நிகழ்வு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லும்போதுதான் பிள்ளைகள் குழம்புகிறார்கள்.

லைம் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து மெர்சி ஆற்றுக்கு அடியில் போகும் ரயில் அரை மணியில் வெஸ்ட் கிர்பியில் இறக்கிவிடுகிறது. கடைசி நிலையம். தெருமுனையில் டீ ஆற்றின் கழிமுகம். நீர் வடிந்த மணல்வெளிக்கு அப்பால் வேல்ஸ் மலைகள். அங்கிருந்து தெற்கே, பழைய ரயில் தடத்தை நடைபாதையாக்கியிருக்கிறார்கள். அதில் நடந்தால் கால்டி என்ற சிற்றூர். பெரிய தோட்டங்கள், உயரமான வேலிகள். இந்த ஊரில் சர் சிரில் கிளார்க் தன் வீட்டுத் தோட்டத்தில் 1959 முதல் கோடைதோறும் பொறி வைத்து மிளகுப் பூச்சிகளை எண்ணினார்.

கிளார்க் மருத்துவர். ஓய்வு நேரத்தில் வண்ணத்துப்பூச்சிகளைக் கலந்து வளர்த்தவர். அழகிகளான ஸ்வாலோடெயில் வண்ணத்துப்பூச்சிகளின் மரபியலில் தொடங்கிய அவருடைய சிந்தனை மனித ரத்த வகைகளுக்குப் போனது. ஆர்எச் நெகட்டிவ் தாயின் உடல், கருவிலுள்ள ஆர்எச் பாசிட்டிவ் குழந்தையின் ரத்தத்தை எதிர்ப்பதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை உருவாக்கியதில் லிவர்பூலில் அவர் குழுவுக்குப் பெரும் பங்கு. நியூயார்க்கிலும் அதே காலத்தில் ஒரு குழு அதைச் சாதித்தது. இன்று கோவையிலும் மதுரையிலும் பிரசவ வார்டுகளில் போடுகிற ஊசி. பூச்சி பிடிப்பதால் என்ன பயன் என்று கேட்கிற பெற்றோருக்கு இந்த ஒரு பெயரைச் சொன்னால் போதும்.

கால்டியில் அவர் எண்ணத் தொடங்கியபோது நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் கறுப்பு. காற்று தெளியத் தெளியக் கறுப்பு குறைந்தது. 1985இல் கிளார்க்கும், மான்செஸ்டரில் இயற்பியலாளராக இருந்த ஜி.எஸ். மணியும், வின் என்பவரும் சேர்ந்து இதைக் கட்டுரையாக எழுதினார்கள். பரிணாமம் பின்னோக்கிச் செல்கிறது என்ற பொருளில் தலைப்பு வைத்தார்கள். 1990களின் நடுவில் கறுப்பு இருபது சதவீதத்துக்கும் கீழே போனது. இன்று அது அபூர்வம். 1848இல் இருந்த நிலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. தலைப்பு கண்ணைக் கவர்கிறது. ஆனால் வகுப்பில் அந்தச் சொல்லை நான் பயன்படுத்த மாட்டேன். தேர்வுக்கு முன், பின் என்ற திசை இல்லை. குரங்கிலிருந்து நிமிர்ந்து நடக்கும் மனிதன்வரை வரிசையாக வரைந்த படம் நம் பிள்ளைகளின் மனதில் ஏணி ஒன்றை நட்டுவிட்டது. ஏறிய படியிலேயே இறங்கவும் செய்த இந்தப் பூச்சி அந்த ஏணியைத் தட்டிவிடும்.

மான்செஸ்டருக்குத் திரும்பிய பிறகு, அவளுடைய அடுத்த வகுப்பிலும் உட்கார்ந்தேன். பயணத்தின் பெரிய பேறு அதுதான். கெட்டில்வெல் சோதனையில் உள்ள குறைகளை எல்லாம் பட்டியல் போடச் சொன்னாள். பூச்சிகள் செத்ததால் திரும்பவில்லையா, வேறு எங்கோ பறந்துபோனதால் திரும்பவில்லையா என்று ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. கெட்டில்வெல்லுக்கும் அது தெரியும். அதனால்தான் நிகோ டின்பெர்கனை அழைத்துவந்து பறவைகள் பூச்சிகளைக் கொத்துவதைப் படமெடுக்க வைத்தார். டின்பெர்கன் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்றவர். "இரவில் பறக்கும் பூச்சியைப் பகலில் மரத்தில் விட்டால், அது தானே இடம் தேட முடியாதே" என்றாள் ஒருத்தி. ஒரே இடத்தில் அளவுக்கு மீறிப் பூச்சிகள் குவிந்திருந்தால் பறவைக்குப் பந்தி விரித்தது ஆகாதா என்றான் இன்னொருவன்.

இவை எல்லாம் விஞ்ஞானிகளே எழுப்பிய கேள்விகள். கேம்பிரிட்ஜின் மைக்கேல் மஜெரஸ் 1998இல் எழுதிய நூலில் இந்தக் குறைகளை விரிவாகச் சொன்னார். பாடநூலில் நாம் பார்க்கும் புகழ்பெற்ற படங்கள் செத்த பூச்சியை மரத்தில் வைத்து எடுத்தவை என்ற செய்தியும் பரவியது. பரிணாமத்தை ஏற்காதவர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, எல்லாமே பொய் என்றார்கள். 2002இல் வந்த ஒரு நூல் கெட்டில்வெல்லின் நேர்மையையே சந்தேகித்தது. அமெரிக்காவில் ஆசிரியர்கள் சிலர் பயந்து இந்த உதாரணத்தையே கைவிட்டார்கள். சில பாடநூல்களும் கைவிட்டன.

மஜெரஸ் கைவிடவில்லை. குறைகளைச் சொன்ன அவரே சோதனையைத் திருத்தமாகச் செய்யக் கிளம்பினார். கேம்பிரிட்ஜில் மரம் ஏறிப் பார்த்து, பூச்சிகள் உண்மையில் எங்கே ஒடுங்குகின்றன என்று பதிவுசெய்தார். பக்கக் கிளைகளில்தான் அதிகம், தண்டிலும் கணிசமாக உண்டு. அதே இடங்களில், இரவில், குறைந்த எண்ணிக்கையில் விட்டார். ஆறு ஆண்டுகளில் மொத்தம் 4,864 பூச்சிகள். விடியற்காலையில் தொலைநோக்கியோடு உட்கார்ந்து, ராபினும் கரும்பறவையும் மேக்பையும் அவற்றைத் தின்பதை நேரில் கண்டார். புகையில்லாத கேம்பிரிட்ஜில் கறுப்புதான் அதிகம் தின்னப்பட்டது. 2007இல் ஒரு மாநாட்டில் முடிவைச் சொன்னார். முழுக் கட்டுரையை எழுதி முடிக்குமுன் 2009இல் நோய் அவரைக் கொண்டுபோய்விட்டது. நான்கு விஞ்ஞானிகள் அவர் விட்டுப்போன எண்களை ஆராய்ந்து 2012இல் வெளியிட்டார்கள். கெட்டில்வெல் சொன்னது சரி என்று நின்றது.

இந்தச் சர்ச்சையைப் பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது, நம்பிக்கை போய்விடும் என்று நம் ஆசிரியர்களில் பலர் நினைக்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை. சொல்லாமல் விட்டால், மறுநாள் ஒரு யூடியூப் காணொளி அதையே 'மறைக்கப்பட்ட உண்மை' என்று சொல்லும். பிள்ளை அதைத்தான் நம்பும். குறையை முதலில் கண்டவர்கள் விஞ்ஞானிகள், அதைச் சரிசெய்தவர்களும் அவர்களே என்று வகுப்பிலேயே தெரிந்துகொண்ட மாணவரை அப்புறம் யாரும் அசைக்க முடியாது.

பள்ளிகளில் நடக்கும் விளையாட்டு ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செய்தித்தாளை விரித்து, அதன்மேல் செய்தித்தாளில் வெட்டிய பூச்சிகளையும் கறுப்புத் தாளில் வெட்டிய பூச்சிகளையும் போட்டு, மாணவர்களைப் பறவைகளாக்கிப் பொறுக்கச் சொல்வார்கள். நல்ல விளையாட்டுதான். ஆனால் அதோடு நிறுத்தினால் அது வெறும் கண்ணாமூச்சி. மிஞ்சிய ஒவ்வொரு பூச்சிக்கும் அதே நிறத்தில் குஞ்சு சேர்த்து, நான்கைந்து தலைமுறை திரும்பத் திரும்ப ஆடி, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையை வரைபடமாக வரைந்தால்தான் இயற்கைத் தேர்வு அங்கே நடக்கிறது. "சார், அந்த வரைபடம் மேல ஏறும்போது பசங்க மூஞ்சியைப் பாக்கணும் நீங்க," என்றாள் என் மாணவி.

நம் நாட்டில் 2023இல் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமம் நீக்கப்பட்டது தெரியவந்தபோது, 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலில் அந்தப் பாடம் இருக்கிறது. இருப்பதைச் சரியாக நடத்துவது நம் கையில்தான்.

அதற்கு மான்செஸ்டர் வரை போக வேண்டியதில்லை. பருத்தியைத் தின்னும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவும் ஓர் அந்துப்பூச்சியின் புழுதான். 2002இல் இந்தியாவில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்தது. செடியிலேயே புழுக்கொல்லிப் புரதம் இருந்ததால் புழு செத்தது. சாகாமல் தப்பும் தன்மை ஏதோ சில புழுக்களில் இருந்தது. அவை மிஞ்சிப் பெருகின. 2010இல் குஜராத்தில் எதிர்ப்புத் திறன் உறுதிப்பட்டது. இரண்டு புரதங்கள் கொண்ட அடுத்த ரகத்தையும் சில ஆண்டுகளில் புழு வென்றுவிட்டது. வயலைச் சுற்றிச் சாதாரணப் பருத்தியையும் நடவேண்டும் என்று விதி இருந்தது. அதில் வளரும் சாதாரணப் பூச்சிகள் எதிர்ப்புள்ளவற்றோடு கலந்து, எதிர்ப்புத் திறன் பரவுவதைத் தாமதப்படுத்தும் என்பது கணக்கு. பெரும்பாலான வயல்களில் அதை நடவில்லை. ஏன் நட வேண்டும் என்று யாரும் விவசாயிக்குப் புரியும்படி சொல்லவும் இல்லை.

மருந்துக்குப் பழகிப் புழு பலமடைந்துவிட்டது என்றுதான் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். பரீட்சைத் தாளில் பூச்சி கறுப்பாக மாறிக்கொண்டது என்று எழுதும் அதே தவறு. வகுப்பில் இருக்கும் பிள்ளைகளில் எத்தனையோ பேரின் வீட்டில் பருத்தி விளைந்திருக்கும், அல்லது யாரோ பாதியில் ஆன்டிபயாடிக் மாத்திரையை நிறுத்தியிருப்பார்கள். ஆசிரிய நண்பர்களே, வரும் ஆண்டு இந்தப் பாடத்தை நடத்தும்போது, கெட்டில்வெல்லின் அந்த நான்கு ஜோடி எண்களைப் பலகையில் எழுதுங்கள். சதவீதத்தைப் பிள்ளைகளே போடட்டும். பிறகு ஒரு பருத்தி வயலுக்குக் கூட்டிப்போய், பறித்த காய்களைப் பிளந்து, புழு இருப்பது எத்தனை, இல்லாதது எத்தனை என்று எண்ணச் சொல்லுங்கள்.